பயிர்ப்பும் பரிசோதனையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று நீளும் அப்பட்டியலில் குண்டூர் நாடும் ஒன்று. சமவெளியில் கல்வெட்டுகளோடு ஒதுங்கிவிட்ட 'நாடு' என்னும் நிலப்பிரிவுச் சொல் இம்மலையில் இன்றும் ஊராட்சிகளின் பெயராக நிலைத்திருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்குக் கொல்லி என்றதும் நினைவில் எழுவோர் இருவர்: வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் பயணி இவ்விருவரையும் தேடியே ஏறுகிறார். அதே சாலையில் எதிர்த்திசையில் இறங்கும் ஒருத்தியைப் பற்றியதே இக்கட்டுரை. அவள் மலையிலே பிறந்தவள். உடம்பில் ஏதோ சரியில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் சில மாதங்களைக் கழித்துவிட்டு, செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கோ அதற்கும் கீழே நாமக்கல்லுக்கோ, முதன்முறையாக 'லேடி டாக்ட'ரைப் பார்க்கப் போகிறாள். வழிநெடுக அவள் மனத்தை நிறைத்திருப்பது நோயைப் பற்றிய பயத்தைக் காட்டிலும் பரிசோதனையைப் பற்றிய பயம்.

இந்தப் பயத்தை 'அறியாமை' என்ற ஒரே சொல்லால் கடந்துபோவது நம் வழக்கம். மலைப்பெண், பழங்குடி, படிப்பில்லாதவள், எனவே பயப்படுகிறாள் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் சென்னையிலும் கோவையிலும் பட்டம் பெற்று அலுவலகம் செல்லும் பெண்களும் இதே அறையின் வாசலில் இதே தயக்கத்தோடுதான் நிற்கிறார்கள். படிப்பு தீர்த்துவைக்காத ஒன்றை அறியாமை என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்? இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் ஒரு பகுதி நம் இலக்கணத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி மருத்துவத்தின் கடந்த காலத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வாசலில் நிற்பவளின் மனம் விளங்கும்.

*

இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியக் களவியல் பெண்ணுக்குரிய இயல்புகளாக அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றை உரைக்கிறது. பின்னர் வந்த மரபில் இவற்றோடு பயிர்ப்பு என்பதும் சேர்ந்து நாற்குணம் என்னும் தொகை உருவாகிறது. இறையனார் களவியல் உரை, பயிர்ப்பு என்பதற்குப் பழகாத பொருளின்பால் அருவருப்புக் கொண்டு விலகி நிற்கும் தன்மை என்ற கருத்தில் விளக்கம் தருகிறது. பிற்கால வழக்கிலோ அது இன்னும் குறுகி, கணவனல்லாத அயலாரின் தொடுகை பட்டால் பெண் கொள்ளவேண்டிய கூச்சம் என்ற பொருளில் நிலைபெற்றுவிட்டது.

வகுப்பறையில் இப்பகுதியைப் பாடமாக நடத்தும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அச்சம், மடம், நாணம் என்னும் சொற்களுக்கு மாணவியர் தாமே பொருள் சொல்லிவிடுவார்கள். பயிர்ப்பு என்ற சொல்லின் பொருள் பெரும்பாலும் எவருக்கும் தெரிந்திருப்பதில்லை. சொல் மறைந்துவிட்டது, ஆனால் அது கற்பித்த ஒழுக்கம் மறையவில்லை. பெண் குழந்தை வளரும் ஒவ்வொரு வீட்டிலும் பெயர் சொல்லப்படாமலே அது கற்பிக்கப்படுகிறது. 'யாரும் தொடவிடாதே', 'கால்களைச் சேர்த்து உட்கார்', 'அதையெல்லாம் வெளியே பேசாதே' என்று இருபது ஆண்டுகள் சொல்லி வளர்த்துவிட்டு, ஒருநாள் முன்பின் அறியாத ஒருவரின் அறையில் மேசைமீது படுத்துக்கொள்ளச் சொல்கிறோம். அவள் நடுங்கினால் அது அறியாமையாகுமா? கற்றுக்கொடுத்த பாடத்தை அவள் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மொழியும் இதில் உடந்தையாக இருக்கிறது. தமிழில் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரே சொல்லை வீட்டிலும் மேடையிலும் பயன்படுத்தலாம். பெண்ணின் உள்ளுறுப்புகளுக்கு அவ்வாறு ஒரு பொதுச்சொல் இல்லை. ஒருபுறம் வசைச்சொற்கள், மறுபுறம் பாடநூலின் வடமொழிச் சொற்கள். நடுவே இருப்பவை 'அடிவயிறு', 'அந்த இடம்', 'கீழே' என்னும் சுட்டுகள் மட்டுமே. மாதவிலக்கை 'தூரம்' என்றும் 'வீட்டுக்கு விலக்கு' என்றும் இடத்தின் பெயரால் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. நோயைச் சொல்லச் சொல் வேண்டும். சொல் இல்லாதவள் சொல்லாமலே இருந்துவிடுகிறாள்.

*

இவ்வளவு கூச்சத்தை வளர்த்த சமூகம் பெண்ணின் பேறுகாலத்தை எப்படிக் கையாண்டது? முதற்கருவைச் சங்க இலக்கியம் 'கடுஞ்சூல்' என்கிறது. 'கடு' என்னும் அடைமொழியே அச்சத்தை ஒப்புக்கொள்கிறது. கடுஞ்சூல் மகளிர் தெய்வத்தைக் கைதொழுவதை மதுரைக்காஞ்சி பேசுகிறது. திருச்சி மலைக்கோட்டையில் உறையும் தாயுமானவரின் தலபுராணம் இன்னும் தெளிவானது. காவிரியில் வெள்ளம்; மகளின் பேற்றுக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் நின்றுவிட்டாள்; ரத்தினாவதி வலியில் துடிக்கிறாள்; இறைவன் வருகிறான். எப்படி வருகிறான் என்பதுதான் கதையின் உயிர். சூலமேந்திய சிவனாக வரவில்லை, வைத்தியனாகவும் வரவில்லை. அவளுடைய தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறான். பேற்றறைக்குள் தெய்வமே நுழைவதாயினும் அவளுக்குப் பழகிய முகத்தோடுதான் நுழைய வேண்டும் என்பது இக்கதையைச் சொல்லிய சமூகத்தின் துணிபு. பிற்கால மருத்துவம் நெடுநாள் கழித்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

நடைமுறையில் அந்தப் பழகிய முகம் மருத்துவச்சியுடையது. சமவெளி ஊர்கள் பலவற்றில் நாவிதர் குலப் பெண்களே இப்பணியைச் செய்தனர். அவர்கள் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயர் வழங்கியதும் அவர்களுடைய இத்தொழில் மரபை நினைவூட்டுகிறது. மலைகளில் ஊரின் மூத்த பெண்களே பேறு பார்த்தனர். இம்மரபைப் பொன்னாக்கிப் பேசுவதற்கில்லை. தூய்மையற்ற கருவிகளால் தொப்புள்கொடி அறுத்ததில் இறந்த சிசுக்கள் எத்தனையோ. குழந்தை குறுக்கே கிடந்தால் மருத்துவச்சியிடம் வழியில்லை. சாதி அமைப்போ தொட அனுமதித்த கைக்கே தாழ்வையும் விதித்தது. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. அவளிடம் கூச்சத்தை விளக்க வேண்டியதில்லை. அவள் தாயையும் பாட்டியையும் அறிந்தவள். அவள் பேசிய மொழி வீட்டு மொழி.

வீட்டு மொழிக்கும் புதிய மருத்துவத்துக்கும் பாலமிட முயன்றவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த இவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, நூல்களை மொழிபெயர்த்தும் மொழிபெயர்ப்பித்தும் அச்சேற்றினார். இவரது தொடக்ககால மொழியாக்கங்களில் ஒன்று மான்செல் என்பாரின் பிரசவ மருத்துவ நூல். அது 1857இல் வெளிவந்தது. அறுவை மருத்துவ நூலும் வேதியியல் நூலும் அதற்குப் பின்னரே வந்தன. ஆயினும் இவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் ஆண்கள். மொழி கிடைத்தது, பேற்றறையின் கதவைத் திறக்கும் கை இன்னும் கிடைக்கவில்லை.

*

அச்சத்தின் இன்னொரு வேர் மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. பெண்ணின் உட்பரிசோதனைக்கு இன்று பயன்படும் 'ஸ்பெக்குலம்' என்னும் கருவியின் நவீன வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் 1845 முதல் 1849 வரை, பேறுகாலக் காயத்தால் சிறுநீர் கசியும் நோயுற்ற கறுப்பினப் பெண்களை அவர் அறுவைக்கு உட்படுத்தினார். அப்பெண்கள் அடிமைகள். சம்மதத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் உரிமையாளர்கள் இருந்தார்கள். மயக்கமருந்து இல்லை, 1846இல் ஈதர் அறிமுகமான பின்னரும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. அனார்க்கா, பெட்சி, லூசி என்னும் மூவரின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைக்கின்றன. அனார்க்கா ஒருத்தியின் உடலில் ஏறத்தாழ 30 முறை அறுவை நடந்தது. கரண்டியை வளைத்து அவர் தொடங்கிய கருவியே சிம்ஸ் ஸ்பெக்குலமாக வளர்ந்தது. அம்முயற்சியால் பிற்காலத்தில் எண்ணற்ற பெண்கள் நலம்பெற்றனர் என்பதும் உண்மை. அந்நலத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் ஓரத்தில் நின்ற சிம்ஸின் சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது.

இக்கருவி இந்தியாவுக்கு வந்தபோது அது மருத்துவரின் கையில் மட்டும் இருக்கவில்லை. காவலரின் துணையோடும் வந்தது. ஆங்கிலச் சிப்பாய்களைப் பால்வினை நோயிலிருந்து காக்க வேண்டும் என்பதற்காக 1868இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. விலைமகளிர் என்று கருதப்பட்ட பெண்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். குறித்த இடைவெளியில் உட்பரிசோதனைக்கு வந்து நிற்க வேண்டும். நோய் கண்டால் 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட அடைப்பு மருத்துவமனையில் தங்க வேண்டும். மறுத்தால் தண்டனை. சிப்பாய்க்கு இத்தகைய கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் இதே வகைச் சட்டங்களை எதிர்த்து ஜோசஃபின் பட்லர் முதலானோர் நடத்திய இயக்கத்தின் பயனாக 1886இல் அவை நீக்கப்பட்டன. இந்தியச் சட்டம் 1888இல் நீக்கப்பட்டது. இருபதாண்டுக் காலம் அரசாங்கத்தின் பார்வையில் பெண்ணின் உட்பரிசோதனை என்பது சிகிச்சையும் தண்டனையும் கலந்த ஒன்றாக இருந்தது. அந்த அறைக்குள் போய்வருவது மானக்கேடு என்ற எண்ணத்துக்குப் பழைய ஒழுக்கநூல்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நவீன அரசும் அதற்கு உரமிட்டது.

*

இதே காலத்தில் சென்னையில் வேறொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. எழும்பூரில் இன்றும் இயங்கும் மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் 1844. வழக்கறிஞரான கணவரோடு 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லிப், கோஷா முறையிலும் சாதிக் கட்டுப்பாட்டிலும் இருந்த பெண்கள் மருத்துவமின்றி மடிவதை அறிந்து தாமே மருத்துவம் கற்க முனைந்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. 1878இல் இங்கே தேறி, பின்னர் லண்டனில் 1882இல் பட்டம் பெற்று, மறுஆண்டு சென்னைக்குத் திரும்பினார். 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமென ஒரு மருத்துவமனை அவர் முயற்சியில் எழுந்தது. அதுவே இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பெயர்ப்பலகை மாறி எத்தனையோ ஆண்டுகளாகியும் சென்னைவாசிகள் அதைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைப்பது வழக்கம். பெண்ணின் கூச்சத்தைத் திருத்தவேண்டிய குறையாக ஷார்லிப் கருதவில்லை. மருத்துவமனை கட்டும்போது கணக்கில் கொள்ளவேண்டிய ஒரு நிபந்தனையாகக் கருதினார். அவருடைய மேதைமை அதில்தான் இருக்கிறது.

1894இல் திண்டிவனத்தில் நிகழ்ந்ததாக ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறு சொல்லும் இரவு பலரும் அறிந்தது. பேறு நோவில் கிடந்த மூன்று பெண்களுக்காக மூன்று கணவர்கள், ஒரே இரவில், ஒருவர்பின் ஒருவராக வந்து இளம்பெண்ணான ஐடாவை அழைக்கிறார்கள். தாம் மருத்துவம் அறியாதவர், தம் தந்தையே மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்கிறார் ஐடா. அந்நிய ஆண் பார்ப்பதற்கு ஒப்பாமல் மூவரும் திரும்பிப்போகிறார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். அந்த இரவு ஐடாவை மருத்துவராக்கியது. 1899இல் பட்டம் பெற்று, மறுஆண்டு வேலூரில் பணி தொடங்கி, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

இக்கதை நூறு முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஐடாவின் மனமாற்றமாகவும் கணவர்களின் பிடிவாதமாகவும் அது சொல்லப்படுகிறது. இறந்த மூன்று பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்த வடிவமும் சொல்வதில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. 'ஆண் மருத்துவரே ஆனாலும் வரட்டும், நான் பிழைக்க வேண்டும்' என்று அவர்களில் ஒருத்தி நினைத்திருக்கலாம். 'செத்தாலும் வேண்டாம்' என்று இன்னொருத்தி நினைத்திருக்கலாம். பெண்ணின் அச்சம் என்று நாம் பேசுவதில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு அவள் சார்பில் மற்றவர்கள் அஞ்சியது என்பதை அம்மூவரின் மௌனம் நம்மிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றபோது, அந்த அறையில் மருத்துவரின் நாற்காலியில் தமிழ்ப் பெண் ஒருத்தி அமர்ந்தார். நோயாளியின் சுட்டுச்சொற்களைச் சுட்டுச்சொற்களாகவே புரிந்துகொள்ளக்கூடிய மருத்துவர் அவர். தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் பின்னாளில் போராடியவரும் அவரே. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றவும் அவரே காரணம்.

*

இனி மலைக்குத் திரும்பலாம். கொல்லிமலையின் மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு, பேசுவது தமிழ். இம்மலைக்கு மேலை மருத்துவத்தைக் கொண்டுவந்தவர்கள் 1913இல் வந்த ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும். வாழவந்தியில் வீடமைத்துத் தங்கினார்கள். ஜெஸ்ஸி முழுப்பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். வெப்பமண்டல நோய்கள் பற்றிய பயிற்சி மட்டும் பெற்றவர். நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி மெல்ல இழுத்தெடுக்கும் தந்தையின் பொறுமையை, இம்மலையில் வளர்ந்து பின்னர் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்ற மகன் பால் பிராண்ட் தம் எழுத்துகளில் நினைவுகூர்கிறார்.

மருந்துக்கு வந்தவர்கள் உண்டு; ஆனால் நெடுங்காலம் எவரும் அவர்களை நெருங்கி நம்பவில்லை. மருந்தோடு மதமும் வருகிறது என்று மலைமக்கள் ஐயுற்றதில் பிழையில்லை, உண்மையிலேயே வந்தது. அந்த விலகல் தளர்ந்த விதத்தை அக்குடும்ப வரலாறு இவ்வாறு சொல்கிறது. அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் காய்ச்சலில் வீழ்ந்தனர். சொந்த மக்களே நெருங்க அஞ்சியபோது பிராண்ட் தம்பதியர் போய்ப் பணிவிடை செய்தனர். இறக்கும் தறுவாயில் பூசாரி தம் பெண்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். இக்கதையிலிருந்து சமயச் சார்பான முடிவுகளை விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவ வரலாற்றுக்கு இது தரும் செய்தி எளியது: கட்டடமும் மருந்துப் புட்டியும் தராத நம்பிக்கையை, அஞ்சாமல் அருகே வந்து அமர்ந்த ஓர் ஆள் தந்தார்.

ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். ஈவ்லின் பல்லாண்டுகள் கழித்து, பிறர் ஓய்வுபெறும் வயதைத் தாண்டிய பின்னர், 1947இல் தம் 68ஆம் வயதில் மீண்டும் கொல்லிமலைக்கு வந்தார். மட்டக்குதிரையில் ஏறி மலையூர்களுக்குப் போய்வந்த அம்மூதாட்டி 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். ஓவியம் பயின்ற லண்டன் பெண்ணொருத்தி மலைவீடுகளின் திண்ணைக்குப் பழகிய முகமாக மாற ஓர் ஆயுள் தேவைப்பட்டது.

*

இன்றைய நிலையை இரண்டு எண்கள் காட்டிவிடும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தவை. அதே கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு. இந்திய அளவோடு ஒப்பிட இதுவே உயர்வு. நாடு முழுவதும் 2 விழுக்காட்டை எட்டவில்லை.

முதல் எண் சும்மா வந்ததில்லை. ஊர் ஊராக நடக்கும் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையங்கள், முத்துலட்சுமி ரெட்டியின் பெயராலேயே 1987இல் தொடங்கி இன்று 18,000 ரூபாய் அளவுக்கு உயர்ந்துள்ள மகப்பேறு நிதியுதவி, 2008இல் வந்த 108 ஊர்தி, பேற்றறையில் உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்க 2004இல் தமிழக அரசு தந்த இசைவு, இத்தனையும் சேர்ந்து உருவாக்கிய எண் அது. கடைசியாகச் சொன்ன அந்த இசைவைத் தாயுமானவர் கதையின் அரசாணை வடிவம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் இரண்டாம் எண்? இரண்டு எண்ணுக்கும் இடையேயுள்ள பள்ளத்தில்தான் நம் கேள்வி கிடக்கிறது. பிள்ளைக்காக ஏறிய படியில் தனக்காக ஏறப் பெண் தயங்குகிறாள். கருவுற்றவள் மருத்துவரிடம் போனால் வீடே துணைக்கு வரும். மணமாகாத பெண் போனால் 'எதற்கு?' என்ற கேள்வி தெருவில் நிற்கும். பிள்ளைப்பேறு முடிந்த ஐம்பது வயதுக்காரி போனால் 'இந்த வயதில் என்ன?' என்ற கேள்வி வரும். ஒழுங்கற்ற மாதவிலக்கு, நீங்காத வெள்ளைபடுதல், கருப்பை இறக்கம், அடிவயிற்று வலி ஆகியவற்றோடு ஆண்டுக்கணக்காக வாழப் பழகிய பெண்கள் மலையில் மட்டுமா இருக்கிறார்கள்?

இப்பள்ளத்தை நிரப்ப முடியும் என்பதற்குச் சான்று திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. 2000 முதல் ஆம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்றில், பயிற்சிபெற்ற செவிலியரே ஊர்களுக்குச் சென்று, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தனர். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தனர். சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் முடிவுகள் வெளியாயின. பெரிய இயந்திரம் இல்லை. பெரிய மருத்துவமனை இல்லை. சோதனையைத் தேடிப் பெண் போவதற்குப் பதிலாகச் செவிலியர் வடிவில் சோதனை அவளைத் தேடி ஊருக்கு வந்தது. மூன்றில் இருவர் நெருங்கி வந்தார்கள். வராத ஒருவரையும் மறந்துவிடலாகாது. பெண் தானே மாதிரியை எடுத்துத் தரும் வைரஸ் சோதனையை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றுக்கொண்டிருப்பது அவ்வராதவர்களுக்கு ஒரு வழி திறக்கிறது.

*

அச்சத்தில் பெரும்பங்கு, உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. எனவே அதையும் சொல்லிவிடுவது வரலாறு எழுதுபவனின் கடமைக்குப் புறம்பாகாது. முதல் சந்திப்பின் பெரும்பகுதி பேச்சுதான். கடைசி மாதவிலக்கு எப்போது, எத்தனை நாளுக்கொருமுறை, வலி உண்டா, வேறு நோய் உண்டா, என்னென்ன மருந்து உண்கிறீர்கள் என்ற கேள்விகள். எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். தேவையானால் படுக்கவைத்து வயிற்றின்மேல் கைவைத்து அழுத்திப் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுப்பதாயின், நீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வயிற்றின் மேலேயே எடுக்கலாம். உடலுறவு அனுபவமில்லாத பெண்ணுக்குப் பொதுவாக உட்பரிசோதனை செய்வதில்லை. மற்றவர்களுக்கும் நோயின் தன்மை கோரினால் மட்டுமே அது தேவைப்படும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கருவியில் சிறிய அளவுகளும் உண்டு. உடலைத் தளர்த்தி மெல்ல மூச்சுவிட்டால் வேதனை குறையும்.

இவற்றைவிட முக்கியமானவை அவள் கேட்கக்கூடியவை. 'எனக்கு இதுதான் முதல் முறை, பயமாக இருக்கிறது' என்று தொடக்கத்திலேயே சொல்லலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவரே இருந்தால் செவிலியர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தாயையோ தோழியையோ உடன் வைத்துக்கொள்ளலாம். அல்லது உறவினர் முன் சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களை வெளியே அனுப்பச் சொல்லலாம். என்ன செய்யப்போகிறீர்கள், எதற்காக என்று வினவலாம். நடுவில் 'நிறுத்துங்கள்' என்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அனார்க்காவுக்கும் அடைப்பு மருத்துவமனைப் பெண்களுக்கும் இல்லாதது இந்த ஒரு சொல். மருத்துவத்தில் இன்று சம்மதம் என்று வழங்கும் கருத்தின் பின்னே அத்தகைய பெண்களின் வேதனை நிற்கிறது. எனவே அச்சொல்லைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. அது சலுகையன்று, பெருவிலை கொடுத்துப் பெறப்பட்ட உரிமை.

மறுபக்கத்தில் இருப்போருக்கும் ஒரு சொல். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் திரைச்சீலை முழுவதுமாக மூடாமல் கிடப்பதும், 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று வரிசையில் நிற்கும் அனைவருக்கும் கேட்கும்படி வினவுவதும், பயந்தவளைப் பார்த்து 'பிள்ளை பெறும்போது மட்டும் பயமில்லையா?' என்று நையாண்டி செய்வதும் சிறிய செயல்கள்தாம். அச்சிறிய செயல் ஒன்றுக்காக ஒரு பெண் பத்தாண்டுகள் மருத்துவமனைப் பக்கம் திரும்பாமல் இருந்துவிடக்கூடும். அவள் சொல்லி அவள் தங்கையும் மகளும் வராமல் போகக்கூடும். நம்பிக்கையைப் போலவே அவநம்பிக்கையும் வாய்மொழியாகவே பரவுகிறது. மலையூர்களில் சற்று வேகமாகவே பரவுகிறது.

நாற்குணத்தை இலக்கண நூல்களிலிருந்து நீக்கிவிட முடியாது, நீக்க வேண்டியதுமில்லை. அது ஒரு காலத்தின் ஆவணம். ஆனால் பயிர்ப்பு என்பது பழகாத பொருளின்பால் எழும் விலகல் என்று பழைய உரை சொன்னதை நாம் ஊன்றிப் படிக்கலாம். பழகாமையே காரணம் எனில் பழகுவதே மருந்து. தாய் மகளிடம் உறுப்புகளின் பெயரைக் கூசாமல் சொல்வது ஒரு பழக்கம். செவிலியர் திண்ணையில் அமர்ந்து நோயைப் பற்றி மட்டுமின்றி நெல்வயலைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவது ஒரு பழக்கம். மருத்துவர் தொடுவதற்கு முன் 'தொடட்டுமா?' என்று கேட்பது ஒரு பழக்கம். குண்டூர் நாட்டிலிருந்து கீழே இறங்கும் பெண்ணுக்கு 70 வளைவுகளையும் நேராக்கித் தர நம்மால் ஆகாது. சாலை முடிந்த பிறகு, அறைவாசலில், அவளுக்கு இன்னும் எஞ்சியிருக்கும் ஒரு வளைவை மட்டும் நாம் நேராக்கலாம்.